கூடாரத்துக்குப் போன விசிறிகள்

நாற்பத்திரண்டு வருடம் நான் செய்த வேலை ஒன்றுதான். கெட்ட காற்றை வெளியே தள்ளுவது, நல்ல காற்றை உள்ளே கொண்டுவருவது. தகரத்தை வெட்டி மடித்து ரிவெட் அடித்து, கூரைக்கடியில் டக்ட் என்கிற காற்றுக்குழாய் ஓட்டி, முடிவில் ஒரு விசிறியை மாட்டுவது. அது ஓடுகிற வரைக்கும் அங்கே அப்படி ஒரு பொருள் இருப்பதே எவனுக்கும் தெரியாது. நின்றால்தான் நம் ஞாபகம் வரும். அதனால், மூன்றாம் மாடியில் கெட்ட காற்றை டிக்கெட் வாங்கி மோந்து பார்க்க ஜனங்கள் வரப்போகிறார்கள் என்று ஒயர்மேன் போனில் சொன்னபோது, காலையிலேயே ஊற்றிக்கொண்டுவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

"ஆறு கூடாரம்ணே. காத்து அடிச்சு நிக்க வைக்கிற கூடாரம். நிக்க மாட்டேங்குது. ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க."

"கடை கட்டடத்துல எதுக்குடா கூடாரம்?"

"கலைண்ணே. விழிப்புணர்ச்சி."

"கலைக்கு எதுக்குடா மோட்டார்?"

"வந்து நீங்களே கேளுங்க. நான் கேட்டேன், அந்தம்மா ஒரு மணி நேரம் பதில் சொன்னாங்க. ஒண்ணும் விளங்கல."

ஒயர்மேன் என்னிடம் பதினோரு வருடம் கையாளாக இருந்தவன். இப்போது அந்தக் கட்டடத்தில் மாதச் சம்பளம். ஐந்து மாடிக் கடை, கீழே இரண்டு அடுக்குக் கார் நிறுத்தம். அந்தக் கட்டடத்தின் டக்ட் முழுக்க என் கை பட்டதுதான். என் சின்ன மகளும் அங்கேதான் வேலை பார்த்தாள். பேஸ்மெண்ட் இரண்டில், கார் வெளியேறும் வழியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டு வாங்குகிற வேலை.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரத்துக்கு மேலாகத் தலைவலி, தலைவலி என்று புலம்பிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்துவிடுவாள். இரண்டு நாள் வாந்தி எடுத்தாள். இரண்டு நாள் லீவு போட்டாள். இன்னொரு நாள் வராவிட்டால் வேலையே வேண்டாம், வீட்டிலேயே இரு என்று சூபர்வைசர் சொல்லிவிட்டான். "சாப்பிடாம வர்றே, அதான்" என்று மருத்துவமும் பார்த்துவிட்டான். நான் அவனுக்கு மேலே போனேன்.

"வேலைக்குப் போக உடம்பு வணங்கலைன்னா நேரா சொல்லித் தொலை. எதுக்கு இந்த நடிப்பு?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் வீட்டுக்காரிதான் பேசினாள். "பெத்த பொண்ணை யாராவது இப்படிக் கேப்பாங்களா? உங்க நாக்குல முள்ளா மொளைச்சிருக்கு?"

கடைக்காரன் போடும் எடை, டாக்டர் எழுதும் சீட்டு, மழை வரும் என்கிற அறிவிப்பு, இது எதையும் நான் என் ஆயுசில் நம்பியது கிடையாது. அந்த வரிசையில் மகளையும் நிறுத்தியிருந்தேன். அவ்வளவுதான்.

மூன்றாம் மாடிக்குப் போனேன். சலவைக்குப் போட்ட துணி மாதிரி ஆறு வெள்ளைக் கூடாரங்கள் தரையில் சுருண்டு கிடந்தன. நடுவே ஓர் அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கறுப்பு ஃப்ரேம் போட்ட கண்ணாடி. எழவு வீட்டுக்குப் புறப்பட்டு வழி தப்பி வந்துவிட்டவள் மாதிரி இருந்தாள். அவள்தான் கலைக்காரி.

"வாங்க ஐயா. இது முதல் கூடாரம், மலைக்காத்து. அடுத்தது கடல். மூணாவதுல இருந்து நகரம். நாலாவதுல போக்குவரத்து நெரிசல். உள்ள ரெண்டு நிமிஷம் நின்னா போதும், ஜனங்க மாறிடுவாங்க."

"என்னவா?"

"மனசளவுல ஐயா."

நெரிசல் வாசனை ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் இருந்தது. அத்தர் கம்பெனியில் சொல்லிச் செய்ததாம், எட்டு மாதம் ஆயிற்றாம். மூடியைத் திறந்து காட்டினாள். பழைய ரப்பர் செருப்பை வெயிலில் காயப்போட்ட மாதிரி ஒரு வாடை. இதற்கு எட்டு மாதம். வாசல் கதவைத் திறந்து தெருவில் மூக்கை நீட்டியிருந்தால் எட்டு நொடியில் முடிந்திருக்கும். ஆறாவது கூடாரத்தைவிட்டு வெளியே வந்தால் கண்ணைத் துடைக்கக் காகிதம் வைத்திருந்தார்கள். அதைத் தாண்டினால் ஒரு மேடை. மேடைமேல் ஒரு புதுக் கார், தலையில் சிவப்பு நாடா கட்டி. கண்காட்சிக்குச் செலவு செய்வது அந்தக் கார் கம்பெனிதானாம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள். இவர்கள் தொட்டிலில் விளம்பரமும் ஒட்டியிருந்தார்கள்.

கூடாரத்தின் வியாதி ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. பின்பக்கம் இரண்டு பெரிய விசிறிகள். கூடாரத்துக்குள் ஊத வேண்டியவை, உறிஞ்சிக்கொண்டிருந்தன. மூன்று ஃபேஸ் மோட்டாரில் ஏதாவது இரண்டு ஒயரை இடம் மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். இது ஒயர்மேனுக்குத் தெரியாதா? தெரியும். அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான்.

நானே மாற்றினேன். சுவிட்சைத் தட்டியதும் கூடாரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து, தின்று கொழுத்த வயிறு மாதிரி உப்பி நின்றன. கலைக்காரி கைதட்டினாள். கண்ணில் தண்ணீர் வேறு. அந்த அம்மாளுக்கு எதற்கெடுத்தாலும் கண்ணில் தண்ணீர்.

ஸ்பேனரைப் பையில் போடக் குனிந்தபோதுதான் விசிறியின் காலைப் பார்த்தேன். மூன்றாவது காலில், ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு இரண்டு துளைகள். முதலில் போட்டது அரை அங்குலம் தள்ளிப் போய்விட்டது என்று பக்கத்தில் இன்னொன்று போட்டிருந்தான் எவனோ ஒருவன். அந்த எவனோ நான்தான். பதினைந்து வருடத்துக்கு முன்னால், பேஸ்மெண்ட் இரண்டில், ஏணிமேல் நின்றுகொண்டு. நல்லபடியாகச் செய்த வேலை நூறும் மறந்துபோகும். தப்பாகப் போட்ட துளை மறக்காது.

"இது எங்கேடா இருந்துச்சு?"

"அண்ணே..."

"கேட்டதுக்குப் பதில்."

"புது ஃபேன் வர ஒண்ணரை மாசம் ஆகும்னாங்க. திறப்பு விழாத் தேதியை மாத்த முடியாதாம். கீழே இருந்து ரெண்டையும் கழட்டச் சொன்னாரு மேனேஜர். நான் வேணாம்னுதான் சொன்னேன். உங்களை ஏன் கூப்பிட்டேன்னு நினைக்கிறீங்க?"

"எப்பக் கழட்டினே?"

"இருபத்தஞ்சு நாள் ஆச்சு."

என் மகளின் தலைவலிக்கும் அதே வயதுதான்.

லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை, படியில் இறங்கினேன். பேஸ்மெண்ட் இரண்டின் கதவைத் திறந்ததும் கண் எரிந்தது. ஏழெட்டு கார்கள் எஞ்சினை அணைக்காமல் நின்றன. முதலாளிகள் மேலே சாமான் வாங்குகிறார்கள், டிரைவர்கள் ஏசியில் தூங்குகிறார்கள். சுவரின் உச்சியில் நான் மாட்டிய இரண்டு கிரில்கள், டக்டின் வாயை மூடும் கம்பிச் சட்டங்கள். கிரிலில் கட்டிய சிவப்பு ரிப்பன்கள் படபடவென்று பறந்துகொண்டிருந்தன. விசிறி ஓடுகிறதா என்று கீழே இருந்து பார்க்கிறவனுக்குத் தெரிவதற்காக எங்கள் தொழிலில் ரிப்பன் கட்டுவோம்.

விசிறியே இல்லாத துளையில் ரிப்பன் எப்படிப் பறக்கிறது?

இன்னொன்றையும் பார்த்தேன். ரிப்பன் வெளிப்பக்கம், நம் முகத்தைப் பார்த்துப் பறந்தது. கெட்ட காற்றை உறிஞ்சுகிற கிரிலில் ரிப்பன் உள்பக்கமாக இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். இப்படி நாக்கு நீட்டிப் பழிப்புக் காட்டாது. ஏணியை இழுத்துப்போட்டு ஏறி ஒரு கிரிலைக் கழற்றினேன். உள்ளே ஒரு டேபிள் ஃபேன். சின்னது, நீலக்கலர், படிக்கிற பிள்ளைகள் மேஜையில் வைத்துக்கொள்வார்களே, அது. டக்டின் மறு வாயை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். ஏமாற்றுகிறவனுக்குக்கூட இந்தக் காலத்தில் தொழில் சுத்தம் இல்லை. ரிப்பன் எந்தப் பக்கம் பறக்கும் என்று தெரியாதவனெல்லாம் ஊரை ஏய்க்கக் கிளம்பிவிட்டான்.

ஏணியில் நின்றபடியே திரும்பினேன். கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து சின்னவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இங்க என்னப்பா பண்றீங்க?"

"வெளியே வா. மேலே போய் நில்லு."

"கூண்டை விட்டு எழுந்தா ஆப்சென்ட் போடுவாங்க. என்னாச்சு?"

"ஃபேன் இல்ல. இருபத்தஞ்சு நாளா இல்ல."

"சத்தம் நின்னப்ப ரிப்பேர் பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன். ரிப்பன் ஆடிக்கிட்டுதானே இருந்துச்சு?"

நீல டேபிள் ஃபேனை எடுத்துக் காட்டினேன். அவள் அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது. எனக்கு அந்த மாதிரிப் பேச்சு வராது. பின்னால் ஒரு கார்க்காரன் ஹாரன் அடித்தான். அவள் திரும்பிச் சீட்டு வாங்கினாள்.

மேனேஜரின் அறை நான்காம் மாடியில். மூலையில் காற்றைச் சுத்தம் செய்கிற மெஷின் ஒன்று பச்சை விளக்கோடு முனகிக்கொண்டிருந்தது. எனக்கு நாற்காலி காட்டினான். நான் உட்காரவில்லை.

"பெரியவரே, முப்பது நாள் கண்காட்சி. முடிஞ்சதும் அதே இடத்துல மாட்டிடுவோம். எதுக்கு இவ்வளவு பதட்டம்?"

"அதுவரைக்கும் அந்தப் பொண்ணு மூச்சை அடக்கிக்கிட்டு உக்காரணுமா?"

"கார் வந்து போற இடம். கொஞ்சம் வாடை இருக்கத்தான் செய்யும்."

"டேபிள் ஃபேன் யாரு வெச்சது?"

கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லை அவனுக்கு. சொல்லும்போது லேசாகப் பெருமைகூட இருந்தது. "சோதனை போட வர்றவங்க ரிப்பனைத்தான் பாப்பாங்க. அதுக்கொரு ஏற்பாடு."

"ரிப்பன் தப்பான பக்கம் பறக்குது."

"அதெல்லாம் யாருங்க பாக்கப் போறா?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்குப் பொண்ணு மேல பாசம், அது கண்ணை மறைக்குது. அவளுக்கு ஏற்கனவே ரெண்டு லீவு. பாத்து நடந்துக்கச் சொல்லுங்க."

பாசம் கண்ணை மறைக்கிறதாம். இருபத்தைந்து நாளாக என் கண்ணை மறைத்தது எது என்று இவனுக்குத் தெரிந்தால் சிரிப்பான்.

கலைக்காரியிடம் போய்ச் சொன்னேன். அவளுக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை. கேட்கக் கேட்க வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். சரி, இவளாவது மனுஷி என்று நினைத்தேன். ஒரு நிமிடம்தான்.

"ஐயா, எட்டு மாசமா நான் தேடின உண்மை இதுதான். ஏழாவது கூடாரம் போடறேன். உங்க மகளை அதே கூண்டோட, அதே சீருடையோட மேலே உக்கார வைக்கலாம். ஜனங்க அவங்களை நேரா பாக்கணும். சம்பளம் அதேதான், நான் மேனேஜர்கிட்டப் பேசறேன்."

"ஃபேனு?"

"நாளன்னைக்குத் திறப்பு விழா ஐயா. அதை எடுத்தா எல்லாம் விழுந்துடுமே. ஆனா உங்க மகளை அங்கேருந்து எடுத்துடறோம் இல்லையா?"

வாந்தி எடுத்தவளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வேடிக்கை காட்டுவார்களாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் வந்து கத்தினேன். சின்னவள் நிதானமாகத் தலைமுடியை முடிந்துகொண்டே கேட்டாள்.

"மூணாம் மாடியில ஏசி உண்டா?"

"இருக்கு. அதுக்கு?"

"அப்ப நான் போறேன்."

"பொம்மை மாதிரி உக்காரணும்டீ. ஊரே வந்து பல்லைக் காட்டும்."

"நடிக்கிறேன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப அதுக்கே கூப்பிடுறாங்க. சும்மா விடலாமா?"

என் வீட்டுக்காரி அடுப்படியில் ஒரு பாத்திரத்தைத் தேவைக்குமேல் சத்தமாகக் கவிழ்த்தாள். நான் எழுந்து வெளியே போய் நின்றேன்.

கீழே கூண்டுக்கு வேறு ஆள் வேண்டுமே. மாடிப்படி துடைக்கிற அம்மாளை உட்கார வைத்தார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும், முட்டி வலி. அடுத்த நாள் கூடாரத்து இணைப்புகளை இறுக்க நான் போயிருந்தபோது தேடிக்கொண்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உக்காந்து பாக்குற வேலை கெடைச்சிருக்குங்க. உங்க பொண்ணு புண்ணியம். அவ நல்லா இருக்கணும்."

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் பிள்ளை மேலே வந்துவிட்டாள் என்று வாயை மூடிக்கொண்டு போல்ட்டை இறுக்கினேன். மேனேஜரை நான் எவ்வளவு கேவலமாக நினைத்தேனோ அதில் பாதி எனக்கும் சேரும். பாதிதான். முழுசாக எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை.

திறப்பு விழா அன்று கூட்டமான கூட்டம். பெரிய மனிதர் ஒருவர் வந்து நாடா வெட்டினார். புகையைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆளுக்கொரு காரில் வந்திருந்தார்கள். வரிசை ஏழாவது கூடாரத்தில்தான் நீளம். உள்ளே கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் சின்னவள். ஸ்பீக்கரில் யாரோ இருமினார்கள். அவள் இருமல்கூட அவர்களுக்குப் போதவில்லை, வேறு எவனையோ இரும வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். துணியின் பின்பக்கம் விசிறிக்குக் காவலாக நான்.

பளபளவென்று சட்டை போட்ட ஒருவர் கண்ணாடிக்கு அருகே குனிந்தார். "நெஜமாவே நீங்க கீழே வேலை பாத்தீங்களாம்மா?"

"ஆமா சார்."

"எப்படி இருக்கும் அங்க?"

"சார் கார்லயா வந்தீங்க?"

"ஆமா."

"பேஸ்மெண்ட் ரெண்டுலயா விட்டீங்க?"

"ஆமாம்மா."

"அப்ப என்னை எதுக்குக் கேக்குறீங்க? திரும்பிப் போறப்ப ரெண்டு நிமிஷம் நின்னு பாருங்க."

அவர் ஏதோ பெரிய தத்துவத்தைக் கேட்டுவிட்ட மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

பகல் பன்னிரண்டு மணி இருக்கும். ஒயர்மேன் ஓடிவந்தான். "அண்ணே, மாடிப்படி துடைக்கிற அம்மா விழுந்துட்டாங்க. கூண்டுக்குள்ளேயே. இன்னைக்கு முந்நூறு காருக்கு மேல, மூச்சு விட முடியல கீழே."

"உயிர் இருக்கா?"

"இருக்கு. சரிவு வழி வாசலுக்குத் தூக்கிட்டுப் போய்க் காத்துல போட்டிருக்கோம். தண்ணி குடிச்சாங்க. மேனேஜர் வந்து, சாப்பிடாம வந்திருப்பா, பத்து நிமிஷம் கழிச்சு உக்காரச் சொல்லுங்க, கார் தேங்குதுன்றாரு."

நான் மெயின் சுவிட்சை இறக்கினேன். முதல் விசிறியின் காலில் ஸ்பேனரை வைத்தேன். நான்கு போல்ட்.

கலைக்காரி ஓடிவந்தாள். "ஐயா! உள்ள ஆளுங்க இருக்காங்க!"

"வெளியே வரச் சொல்லுங்க. மூச்சு முட்டுறது எப்படின்னு பாக்கத்தானே வந்தாங்க? துணி மேலே விழுந்து யாரும் செத்ததில்ல."

மலைக்காற்று முதலில் படுத்தது. பிறகு கடல். நான்காவது கூடாரத்திலிருந்து பெரிய மனிதர் தலைமேல் துணியோடு குனிந்து வெளியே வந்தார். செருப்பு ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது. நெரிசல் புட்டி உடைந்து, புதுக்காரைச் சுற்றி ரப்பர் செருப்பு வாடை. ஒரே கூச்சல்.

சின்னவள் கூண்டைத் திறந்துகொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். காரணம் கேட்கவில்லை, ஒயர்மேன் சொல்லியிருப்பான்.

"ஒண்ணா, ரெண்டுமா?"

"ரெண்டும்."

"உங்களால தூக்க முடியாது. நகருங்க." ஒரு பக்கம் அவள் பிடித்தாள், மறுபக்கம் ஒயர்மேன். தள்ளுவண்டியில் ஏற்றும்போது என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "யார் சொன்னாலும் நம்ப மாட்டீங்கன்னு நெனச்சேன். அந்தம்மா விழுந்தா நம்புறீங்க. நான் நின்னுக்கிட்டே இருந்தது தப்பாப் போச்சு."

"உன்னையும் நம்பாதது தப்புதான்," என்றேன். அறுபது கிலோ விசிறியைவிட அது கனமாக இருந்தது. அவள் கேட்டாளா இல்லையா தெரியவில்லை. "போல்ட்டைப் பையில போடுங்க, தொலைஞ்சிடும்" என்றாள்.

கீழே ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. அட்டையைப் பிய்த்து, விசிறிகளை அதனதன் இடத்தில் உட்கார வைத்து, ஒயரை நானே கொடுத்தேன். மேனேஜர் ஏணிக்குக் கீழே நின்றுகொண்டு போலீசைக் கூப்பிடுவேன் என்றான். கூப்பிடு, நீல டேபிள் ஃபேனைக் காட்டிவிட்டுப் போகிறேன் என்றேன். கூப்பிடவில்லை. மேலே வேடிக்கை முடிந்துபோய் ஜனங்கள் கார் எடுக்க இறங்கி வந்துவிட்டார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். இந்த வாடைக்கு அவர்களிடம் டிக்கெட் இல்லை, அதனால் கோபம் வந்தது. அந்தப் பளபளச் சட்டைக்காரர்தான் முதலில் மேனேஜரிடம் எகிறினார்.

ஒயர்மேன் சுவிட்சைப் போட்டான். இரண்டு விசிறிகளும் இரும்பு உருளுகிற சத்தத்தோடு கிளம்பின. கொஞ்ச நேரத்தில் நீலமாகத் தொங்கிய புகை நகர ஆரம்பித்தது. துடைக்கிற அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தாள், கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள், காதைப் பொத்தினாள்.

"ஐயய்யோ, என்னங்க இது இப்படிக் கத்துது! இதுல மனுஷி எப்படி உக்காருவா?"

"நீங்க இன்னைக்கு எங்கேயும் உக்கார வேணாம், வாங்க," என்று சின்னவள் அவள் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

நாங்கள் மூவரும் சரிவில் ஏறினோம். நாளைக்கு ரெண்டு பொம்பளைங்களும் வர வேண்டாம் என்று மேனேஜர் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தான். இன்னும் என்னென்னவோ சொன்னான். விசிறிச் சத்தத்தில் பாதிக்குமேல் கேட்கவில்லை.